பாரத்தில் அம்மா போட்ட ஊர்

காலண்டர் தாளின் பின்பக்கத்தைக்கூட வீணாக்காத என் அம்மாவுக்கு,

நலமா என்று கேட்க முடியாத இடத்தில் இருக்கிறாய். அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். நாலு மாதமாக உன்மேல் எனக்குப் பயங்கரக் கோபம். போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை. நாளைக் காலை ஒன்பது மணிக்கு எனக்கு அரசாங்க வேலைத் தேர்வு. இன்று லீவு போட்டுவிட்டுப் படிக்க உட்கார்ந்தேன். ஓர் எழுத்துகூட மண்டையில் ஏறவில்லை. சரி, உனக்காவது எழுதுவோம் என்று தாளை எடுத்துக்கொண்டேன்.

முதலில் வீட்டுச் செய்தி. நீ போய் ஒன்றரை வருடம் ஆகிறது. அப்பா இருக்கிறார். கால் புண் ஆறுகிறது, ஆறுகிறது என்று டாக்டர் சொல்கிறார், ஆறினபாடில்லை. இனிப்பு நீர் உடம்பு, என்ன செய்வது. தம்பி தினேஷ் ஜொகூர் பாருவிலிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வருகிறான். மாதம் ஒருமுறை பெண்டாட்டி பிள்ளைகளோடு வந்து, மத்தியானம் சாப்பிட்டு, அப்பாவிடம் பழப் பையைக் கொடுத்துவிட்டுப் போவான். நான் இன்னும் அதே தொழிற்சாலைதான். விடியுமுன் நம் பாலோவில் பஸ் ஏறினால் தொழிற்சாலை இருக்கும் கூலாய் ஊர் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம். பன்னிரண்டு மணி நேரம் நின்றுகொண்டே வேலை. பிறகு அதே ஒன்றரை மணி நேரம் திரும்பி. நீ இருந்தபோது எப்படியோ அப்படியே.

அரசாங்க வேலை என்றால் உனக்கு ஏன் இந்தப் பைத்தியம் என்று சின்ன வயதில் நினைத்திருக்கிறேன். பிறகுதான் புரிந்தது. குளுவாங்கில் ஓர் அரசாங்க அலுவலகத்தை இருபது வருடத்துக்கு மேல் கூட்டித் துடைத்தாய். ஆனால் நீ அரசாங்க ஆள் இல்லை, குத்தகைக்காரனுடைய ஆள். சில வருடத்துக்கு ஒருமுறை குத்தகை கைமாறும். புது முதலாளி, புதுச் சட்டை, புதுக் கடிதம். நேற்று வரை துடைத்த அதே தரையை மறுநாள் புது ஆளாகத் துடைப்பாய். லீவுக் கணக்கும் மறுபடி முதலிலிருந்து. "நேத்து சேந்த புள்ளைக்கும் எனக்கும் ஒரே லீவுலா" என்று சிரித்துக்கொண்டுதான் சொல்வாய். நீ துடைத்த மேசைகளுக்குப் பின்னால் இருந்தவர்களுக்குக் காய்ச்சல் வந்தால் வேலை போகாது. வயதானால் பென்சன் வரும். அந்த நாற்காலிகளில் ஒன்றில் உன் மகள் உட்கார வேண்டும். நீ ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

எனக்கு இருபத்தாறு வயதில் தொடங்கினாய். பள்ளியின் கடைசி வகுப்பான ஆறாம் படிவம் முடித்தவளுக்கு, மேசையில் உட்கார்ந்து எழுதும் கிராணி வேலை கிடைக்கும் என்று அந்த அலுவலகத்து மலாய்க்கார அக்கா, காக் ரொஹானா, சொன்னாராம். அவ்வளவு போதுமே உனக்கு. வேலையை இரண்டாகப் பிரித்தாய். "நீ படி. விண்ணப்பப் பாரத்த நான் பாத்துக்கிறேன்." மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் என் சான்றிதழ்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு காக் ரொஹானாவின் மேசைக்குப் போவாய். நீ சொல்லச் சொல்ல அவர் கணினியில் தட்டுவார். வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிப்பதும் அப்படியே. கடவுச்சொல்கூட எனக்குத் தெரியாது, அது உன் கைப்பையில் ஒரு துண்டுத் தாளில் இருந்தது. நான் தொழிற்சாலையில் சரக்குப் பரிசோதிக்கிறவள். ஒரு திருகாணி குறைந்தாலும் பெட்டியைத் திருப்பி அனுப்புகிறவள். என் பெயரில் போகிற பாரத்தை ஐந்து வருடத்தில் ஒருமுறைகூடத் திறந்து பார்க்கவில்லை. அம்மா பார்த்துக்கொள்வாள் என்றால் பார்த்துக்கொள்வாள்தானே.

படிப்பிலும் நீ சும்மா இல்லை. காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கம் கேள்வியும் பதிலும் எழுதுவாய். மலாய் சரளமாகப் பேசுவாய், எழுதும்போது மட்டும் தமிழ் எழுத்துத்தான். 'பெர்லெம்பாகான்' என்று நீ எழுதிவைத்த தாளைப் பார்த்து நான் விழுந்து விழுந்து சிரித்தேன். நாட்டின் அரசியலமைப்பு உன் கையெழுத்தில் மளிகைச் சாமான் மாதிரி இருந்தது. அமைச்சரவை மாறினால் உனக்கு வரும் கோபத்தை அந்த அமைச்சர்கள் பார்த்திருக்க வேண்டும். "அலமாக், இவனுங்க ஒரு எடத்துல ஒழுங்கா உக்கார மாட்டானுங்களா? எம்புள்ள எத்தன வாட்டி மனப்பாடம் பண்ணுவா?" என்று பழைய தாள்களைக் கிழிப்பாய். பஸ்ஸுக்கு முன்னால் ஒரு மணி நேரம் படிக்க வேண்டும் என்று தினமும் என்னை எழுப்பிவிட்டு, நான் கண்ணயராமல் இருக்க எதிரிலேயே உட்கார்ந்து வெங்காயம் உரிப்பாய்.

ஐந்து தேர்வு எழுதினேன். மூன்று முறை தேர்ச்சி என்று வந்தது. நேர்முகத்துக்கு ஒருமுறைகூடக் கூப்பிடவில்லை. "இந்த வாட்டி இல்லாட்டி அடுத்த வாட்டி" என்று அடுத்த நாளே புதுத் தாள் கிழிப்பாய்.

அந்த ஐந்து வருடம் நான் எப்படி இருந்தேன் என்று உனக்குத் தெரியுமா, அம்மா? மேற்பார்வையாளராகப் போகிறாயா என்று தொழிற்சாலையில் கேட்டார்கள். "வேணாம், கவர்மென்ட் கூப்பிட்டா விட்டுட்டு வர முடியாது" என்றாய். என்னோடு சேர்ந்த பெண் இன்று என்னை வேலை வாங்குகிறாள். ஒரு வரன் வந்தது. "வேல வரட்டும், அப்புறம் பேசலாம்" என்றாய். அவர்கள் பேசாமல் போய்விட்டார்கள். எதையும் தொடங்க முடியாது, இருப்பதையும் விட முடியாது. தேர்வுக்கு முன்பு, முடிவுக்குக் காத்திருக்கும்போது என்று என் வருடத்தில் இரண்டே பருவம். நம்மாளுங்களுக்கு, தமிழனுக்கு, எங்கே கொடுப்பார்கள் என்று அப்பா சொல்வார், பஸ்ஸில் எல்லோரும் சொல்வார்கள். அது முழுக்கப் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் எனக்கு அழைப்பு வராததற்குக் காரணம் அதுதான் என்று நம்பி அந்தக் கசப்பை மூன்று வேளையும் தின்றேன். அதுவும் இல்லாத நாட்களில், நான் ஒன்றுக்கும் உதவாதவள் என்று நம்பினேன்.

நீ போன பிறகு தேர்வை மறந்தேன். பதிவு காலாவதியானதுகூடத் தெரியாது. நாலு மாதத்துக்கு முன் காக் ரொஹானா போன் செய்தார். அடுத்த மாதம் ஓய்வு பெறப் போகிறாராம். போவதற்கு முன் என் பாரத்தைப் புதுப்பித்துக் கொடுத்துவிட்டுப் போக வேண்டுமாம். "உங்கம்மாவுக்கு நான் செய்ய வேண்டிய கடைசி வேலை" என்றார். லீவு எடுத்துக்கொண்டு போனேன். நீ உட்காருகிற அதே பிளாஸ்டிக் நாற்காலியில் என்னை உட்காரவைத்துத் திரையைத் திறந்து ஒவ்வொன்றாகப் படித்தார். பெயர், முகவரி, படிப்பு. வேலை செய்யச் சம்மதிக்கும் இடம் என்ற வரியில் ஒரே ஓர் ஊர் இருந்தது. குளுவாங்.

"இது என்ன?" என்று கேட்டேன்.

அவர் நாற்காலியை என் பக்கம் திருப்பினார். அவர் பேசியது மலாய், நான் தமிழில் சொல்கிறேன். "உங்கம்மா போடச் சொன்னதுதான். நான் மொத வருஷமே சொன்னேன். நாடு முழுக்க ஆள் எடுக்கறாங்க, நீங்க ஒரே ஊரப் போட்டா எப்படிக் கூப்புடுவாங்க? இங்க ஒரு எடம் காலியாகணும்னா என்ன மாதிரி யாராவது ரிட்டயர் ஆகணும். ஒவ்வொரு வருஷமும் மாத்தட்டுமான்னு கேட்பேன். 'தாஹுன் டெப்பான்லா காக்', அடுத்த வருஷம் பாக்கலாம்னு சொல்லிருவாங்க." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உனக்குத் தெரியாதா?" என்றார்.

எனக்கு என்ன தெரியும்? தேர்ச்சி பெற்றவளுக்கு அழைப்பு வராதபடி பாரத்தை என் அம்மாவே பூட்டி வைத்திருந்தாள் என்பதா?

"இப்ப மாத்தட்டுமா?" என்றார். மாற்றச் சொன்னேன். "ஜொகூர் முழுக்கவா?" எங்கே வேண்டுமானாலும் என்றேன். "கடல் தாண்டி சபா, சரவாக்?" அதுவும் என்றேன். "பெத்துல்?", நிஜமாகவா என்று இரண்டு முறை கேட்டுவிட்டுத்தான் தட்டினார். எனக்கு அப்போது நிதானம் இல்லை. சந்திரமண்டலம் என்று ஒரு கட்டம் இருந்திருந்தால் அதையும் போடச் சொல்லியிருப்பேன்.

வீட்டுக்கு வந்து உன் காலண்டர் தாள்களை எல்லாம் ஒரு பையில் திணித்துக் குப்பைத் தொட்டி வரைக்கும் கொண்டுபோனேன். போட முடியவில்லை, திரும்பக் கொண்டுவந்து அலமாரிமேல் எறிந்தேன். எந்த முகத்தோடு என்னைத் தினமும் எழுப்பினாய்? என் எதிரில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தபோது உனக்குள் என்ன ஓடியது? குளுவாங்கிலேயே என்றாவது ஓர் இடம் வரும், அதற்குள் பிள்ளை தயாராக இருக்கட்டும் என்று நிஜமாகவே நம்பினாயா?

உனக்காக நானே ஒரு காரணமும் கண்டுபிடித்தேன். நீ பேராக்கிலிருந்து வாக்கப்பட்டு இவ்வளவு தூரம் வந்தவள். உன் அம்மா இறந்தபோது நீ போய்ச் சேருவதற்குள் எடுத்துவிட்டார்கள் என்று சொல்லியிருக்கிறாய். அந்தத் தூரம் மகளுக்கு வேண்டாம் என்று நினைத்திருப்பாய். பொம்பளைப் பிள்ளை கண்ணெதிரில் இருக்கட்டும் என்று நினைத்திருப்பாய். காரணம் புரிந்தால் கோபம் போய்விடும் என்று சொல்கிறார்கள். எனக்குப் போகவில்லை. தினேஷ் சிங்கப்பூருக்குப் புறப்பட்டபோது அவன் பாரத்தில் யாரும் குளுவாங் என்று போடவில்லையே.

இரண்டு வாரத்துக்கு முன் தேர்வுக்கு அழைப்பு வந்தது. இணையத்தில் எழுதுகிற தேர்வுதான், நம் வீட்டில் லைன் சரியில்லை என்று காக் ரொஹானா குளுவாங்கில் இருக்கும் தன் வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறார். புத்தகத்தைத் திறந்தேன். இத்தனை வருடம் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தவள் ஒரே பக்கத்தை நாலு முறை படித்தேன். முன்பு படித்ததெல்லாம் உனக்காகப் படித்தது, எங்கும் போகாத படிப்பு. இந்த முறை தேறினால் நிஜமாகவே கூப்பிடுவார்கள். கடலுக்கு அந்தப் பக்கம்கூடக் கூப்பிடுவார்கள். அப்பா இங்கே இருப்பார்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் காலுக்கு மருந்து வைத்துக் கட்டிக்கொண்டிருந்தேன். தேர்வு எப்போது என்று கேட்டார். சொன்னேன்.

"எந்த ஊருன்னு போட்டிருக்க?"

"எங்க வேணும்னாலும்னு போட்டிருக்கேன்ப்பா."

"சரவாக்குமா?"

"ஆமா."

விசிறியை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, "அம்மா அப்படிப் போடலியே" என்றார்.

கட்டுத் துணியைக் கீழே வைத்தேன். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நாந்தான் குளுவாங் மட்டும் போடச் சொன்னேன்." என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "அவ முடியாதுன்னா. அப்படிப் போட்டா புள்ளைய யாரும் கூப்புட மாட்டாங்களாம், ரொஹானா சொல்லுச்சுன்னா. ரெண்டு நாளு எங்கிட்ட பேசல. அனுப்புறதா இருந்தா மொதல்ல என்னையக் கொண்டுபோய்ப் பொதச்சிட்டு அனுப்புன்னு சொன்னேன். அப்புறந்தான் போய்ப் போட்டா."

"ஏம்ப்பா?"

"பயம்லா. வேற என்ன."

"எனக்கு ஏதாச்சும் ஆயிருமின்னா?"

"உனக்கு என்ன ஆவப் போவுது. நீ கெட்டிக்காரி. எனக்குத்தான் பயம்."

அம்மா, அவர் உன் பெயரைச் சொல்லித் தப்பித்திருக்கலாம். பொம்பளைப் பிள்ளை, ஊர் என்ன சொல்லும் என்று ஏதாவது சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லியிருந்தால் நான் கத்தியிருப்பேன். அவர் உள்ளதைச் சொல்லிவிட்டார். கட்டைப் பாதியில் விட முடியாதே. துணியைச் சுற்றி ஒட்டி, காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். "கோமதி, போயிருவியா?" என்று அங்கிருந்தே கேட்டார். குழாயை இன்னும் கொஞ்சம் திறந்தேன். இன்று வரை பதில் சொல்லவில்லை. அவரும் மறுபடி கேட்கவில்லை. இருவரும் வானிலை அறிக்கை மாதிரி பேசிக்கொள்கிறோம்.

அன்றிலிருந்து உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். அப்பாவுக்கு மலாய் எழுத்துக் கூட்டிப் படிக்கவே வராது. அந்தப் பாரத்தை அவர் கண்ணால் பார்த்ததில்லை. குளுவாங்தான் போட்டிருக்கிறேன் என்று அவரிடம் சொல்லிவிட்டு, நாடு முழுக்க என்று நீ போட்டிருக்கலாம். யாருக்குத் தெரியும்? எப்படியும் ஒரு பொய் சொல்லத்தான் போகிறாய், அதை அவரிடம் சொல்லாமல் என்னிடம் ஏன் சொன்னாய்? அவர் தாங்க மாட்டார், இவள் தாங்குவாள் என்று கணக்குப் போட்டாயா? நான் தாங்கினேன்தான். ஆனால் எப்படித் தாங்கினேன் என்று நீ பார்த்துக்கொண்டேதானே இருந்தாய்.

தினேஷுக்குப் போன் செய்தேன். வேலை கிடைத்தால் அப்பாவை அவன் வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டேன். "அக்கா, எங்க வீடு சின்னதுக்கா. இவகிட்ட கேக்கணும்" என்றான். கேள் என்றேன். "நீ ஏங்க்கா இப்பப் போயி?" என்றான். எனக்கு முப்பத்து மூன்று வயது, இப்போது போகாமல் பென்சன் வாங்கிக்கொண்டா போக முடியும் என்று கேட்டேன். வாரக் கடைசியில் வந்து பேசுவதாகச் சொல்லியிருக்கிறான். பேசுவான். பழமும் வாங்கி வருவான்.

இதை நமக்குள்ளேயே வைத்துக்கொள்ளாமல் நாலு பேர் படிக்க எழுதுகிறேன் என்று உனக்குச் சங்கடமாக இருக்கும். வீட்டு விஷயம் வாசலைத் தாண்டக் கூடாது என்பாய். நம் ஊரில் பிள்ளைகளுக்காகப் பாரம் நிரப்புகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அம்மா. எல்லோரும் பாசத்தில்தான் நிரப்புகிறார்கள். அந்தப் பிள்ளைகள் ஒருமுறை தங்கள் பாரத்தைத் திறந்து பார்க்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

இப்போது உன்னிடம் மட்டும் ஓர் உண்மை. நாலைந்து நாளாக எனக்கு ஒரு யோசனை வந்து வந்து போகிறது. நாளைக்கு வேண்டுமென்றே சில பதில்களைத் தப்பாகப் போட்டுவிட்டால் என்ன? கட்டுரையைப் பாதியில் விட்டுவிட்டால் என்ன? தேர்ச்சி இல்லை என்று வரும். அப்பா நிம்மதியாகத் தூங்குவார். தினேஷின் வீடு சின்னதாகவே இருக்கலாம். பாவம், நல்லாத்தான் படித்தாள், நம்மாளுங்களுக்கு எங்கே கொடுப்பார்கள் என்று பஸ்ஸில் சொல்வார்கள். நானும் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு ஜன்னலோரம் சாய்ந்துகொள்ளலாம். யாருக்கும் தெரியாது. அது எவ்வளவு சுலபம் என்று நினைத்தபோதுதான், காக் ரொஹானாவின் மேசைக்கு முன்னால் நீ எப்படி உட்கார்ந்திருப்பாய் என்று எனக்கு முதல்முறையாகப் புரிந்தது. நீ கெட்டவள் இல்லை, அம்மா. களைத்துப்போயிருந்தாய். வீட்டில் சண்டை வேண்டாம் என்று நினைத்தாய். நானும் களைத்துப்போய்த்தான் இருக்கிறேன்.

கோபம் இன்னும் இருக்கிறது. உன்மேல் பாதி, அப்பாமேல் பாதி. போகும்போது போகட்டும், நான் துரத்தப் போவதில்லை. உன்னை நினைக்காத நாளும் இல்லை.

நாளைக் காலை அப்பாவுக்குப் பசியாறக் கொடுத்துவிட்டு அவர் எதிரில் உட்காருவேன். குழாயைத் திறக்க மாட்டேன். "கூப்பிட்டா போவேன்ப்பா. உங்களுக்கு ஒரு ஏற்பாடு பண்ணிட்டுத்தான் போவேன். ஆனா போவேன்" என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்வேன். அவர் அழுவார். நானும் அழுவேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு குளுவாங் பஸ் ஏறுவேன். இது உன்மேல் சத்தியம், அம்மா: தெரிந்த பதில் ஒன்றையும் நாளைக்குத் தப்பாகப் போட மாட்டேன்.

உன் ஒரே மகள்,
கோமதி
பாலோ, ஜொகூர்